பற்றுக் கொப்பியில் 86,400 ரூபாய்: கடனை நிறுத்துவதா, கடையை மூடுவதா?

தொங்கல் காம்பரா | திங்கள், இரவு 9.40

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டின் தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில், முன்னால் இருக்கிற இஸ்தோப்பைத் தகரம் வைத்து அடைத்துக் கடை நடத்துகிறேன். 2019இல் தொடங்கினேன். அதற்கு முன் பதினான்கு வருடம் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவள். அந்த வருடம்தான் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் ஆனது. முழங்கால் அதற்கு முன்பே போய்விட்டது. கணவர் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கும் வருவார்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மா, அரிசி, சீனி, பருப்பு, கருவாடு, தேங்காய், மண்ணெண்ணெய், சவர்க்காரம், பிள்ளைகளுக்கு டொபி, பெரியவர்களுக்கு வெற்றிலை பாக்கு. தேயிலைத் தூளும் விற்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை நிற்கிற ஊரில், தோட்டம் கொடுக்கிற தூள் மாதக் கடைசி வரை வராது. கொழுந்து பறிக்கிறவர்களே 20ஆம் தேதிக்குப் பிறகு என்னிடம் வந்து தூள் வாங்குகிறார்கள்.

மகள் உயர்தரத்தில் கணக்கியல் படிக்கிறாள். போன ஞாயிறு சும்மா இருக்க மாட்டாமல் என் பற்றுக் கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டாள். 86,400 ரூபாய் வெளியில் நிற்கிறது. அதில் 31,250 ரூபாய் தோட்டத்தை விட்டே போய்விட்ட மூன்று குடும்பங்களுடையது. ஒன்று கொழும்புக்கு, ஒன்று வத்தளைக்கு. மூன்றாவது எங்கே என்று அவர்களின் சொந்தக்காரர்களுக்கே தெரியவில்லை. பிஸ்கட் லொறிக்காரர் போன கிழமைக் காசு பாக்கி என்று இந்தக் கிழமை சரக்கு இறக்காமலே போய்விட்டார்.

கடனை நிறுத்துங்கள், இல்லையென்றால் கடையை மூடுங்கள் என்கிறாள் மகள். டவுன் கடைகளில் தொங்குமே, ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று, அதை ஓர் அட்டையில் வர்ணப் பென்சிலால் எழுதியும் கொடுத்துவிட்டாள். இன்னும் மாட்டவில்லை. உங்களில் கடை நடத்துகிற அக்காமார், தங்கைமார் இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெள்ளவத்தைவாசி | திங்கள், இரவு 10.15

மகள் சொல்வதுதான் சரி. கொழும்பில் எந்தக் கடையில் போய் ‘எழுதிக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல முடியும்? வியாபாரத்தையும் இரக்கத்தையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும். பலகையை மாட்டுங்கள். ஒரு மாதம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

பசறை அக்கா | செவ்வாய், காலை 5.50

தம்பி, நீங்கள் லயத்தில் ஒரு மாதம் முழுதாக இருந்து எத்தனை வருடமாகிறது?

இந்த மாதம் 1ஆம் தேதி கிள்ளிய கொழுந்துக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிதான் சம்பளம். நாற்பது நாள். இடையில் கிடைக்கிற அட்வான்ஸ் எந்த மூலைக்குப் போதும்? 20ஆம் தேதிக்குப் பிறகு லயத்தில் யார் கையிலும் காசு இருக்காது. அப்போது கடனை நிறுத்துவதும் கடையை மூடுவதும் ஒன்றுதான். அந்தப் பத்து, இருபது நாள் வீட்டுக்கு வீடு ரொட்டி சுடுகிறார்களே, அது யாருடைய மா? கம்பெனி பின்னால் கொடுக்கப்போகிற சம்பளத்தை இந்தத் தங்கைதான் முன்னால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், வட்டியில்லாமல். இதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை.

தங்கச்சி, நான் பதினொரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். சூடு பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

கொப்பி இரண்டு வேண்டும். ஒன்று உங்களிடம், சின்னது ஒன்று அந்த வீட்டாரிடம். சாமான் வாங்க வரும்போது அதைக் கொண்டுவர வேண்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் அதை நூல் கட்டிப் பிள்ளையின் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். ‘நான் அன்றைக்குத் தேங்காய் வாங்கவே இல்லை’ என்கிற பேச்சு அதோடு நின்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் தேங்காய்க்கு ஒரு வட்டம், மாவுக்கு ஒரு கோடு என்று அவரே போட்டுக்கொள்வார். என் கணக்கு இரண்டு தடவை பிழைத்திருக்கிறது. அவருடையது பிழைத்ததில்லை.

இரண்டாவது, வீட்டுக்கு ஓர் எல்லை. அந்த வீட்டில் எத்தனை பேர் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இருக்கிறார்கள், மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன? நாளுக்கு விதித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். மழைக் காலத்தில் கொழுந்து குதிக்கும்போது எல்லையைக் கொஞ்சம் ஏற்றுங்கள், வரட்சியில் இறக்குங்கள்.

மூன்றாவது, சிகரட், பீடி, சோடா எதுவும் பற்றில் கிடையாது. இதைச் சொல்லி மூன்று ஆண்கள் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. அவர்களுடைய மனைவிமார் ஒரு நாளும் பேசாமல் இருக்கவில்லை.

வெள்ளவத்தைவாசி | செவ்வாய், காலை 8.05

அக்கா, நான் லயத்தில் பிறக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்பா அங்கே ஆசிரியராக இருந்தார். ஆனால் கேள்வி மாறவில்லை. அந்த 31,250 எப்படித் திரும்பி வரும்?

பசறை அக்கா | செவ்வாய், காலை 8.20

வராது. அதை வைத்துக்கொண்டு அழுவதை விட்டால் மீதியையாவது பிடிக்கலாம்.

பழைய செக்ரோல் | செவ்வாய், மாலை 4.30

முப்பத்திரண்டு வருடம் தோட்டக் காரியாலயத்தில் பேர் எழுதியவன். இதைப் படித்ததும் என் தாத்தா சொல்லக் கேட்ட ‘துண்டு’ நினைவுக்கு வந்தது. இளையவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆட்களைத் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவந்த பெரியகங்காணியிடம் தொழிலாளி எப்போதும் கடன்காரன். கப்பல் செலவு, வழிச் செலவு, துணி, அரிசி எல்லாம் அவன் பேரில் ஏறும். பல இடங்களில் கடையும் கங்காணியுடையதுதான். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், ‘இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம்’ என்று தோட்டத்தை நடத்துகிற துரை எழுதிக் கொடுக்கிற தாள் வேண்டும். அதுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் ஆளோடு கூடவே நடக்கும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

இப்போது கடன் யார் கையில் இருக்கிறது பாருங்கள். கங்காணியின் கடன் கணக்குக்குப் பின்னால் துரையும் சட்டமும் நின்றன. இந்த அம்மாவின் கொப்பிக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆள் ஏழு மணி பஸ் ஏறினால் கடனும் ஏறிப் போய்விடும். துண்டு திரும்ப வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்! தொழிலாளியை விட்டுவிட்டுக் கடன் இப்போது கடைக்காரியைக் கட்டிப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. சம்பளச் சீட்டில் சந்தா, கோவில் காசு, முற்பணம் என்று எத்தனையோ பிடித்தம் இருக்கும். எல்லாப் பிடித்தமும் போன பிறகு மிஞ்சுவது கையில் வரும். லயத்துக் கடைப் பற்று அதற்கும் பின்னால், கடைசி வரிசையில் நிற்கும்.

கீழ்கணக்குப் பேரன் | செவ்வாய், இரவு 8.10

எல்லாரும் கடைக்கார அக்காமாருக்கே பரிந்து பேசுகிறீர்கள். நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் லயத்துக் கடையில் ஒவ்வொரு சாமானிலும் டவுனைவிடப் பத்து, இருபது ரூபாய் கூடுதல். பக்கற்றில் விலை அச்சடித்திருந்தாலும் அதற்கு மேல் கேட்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். வட்டியில்லாத கடன் என்று சொல்லாதீர்கள். வட்டி விலைக்குள்ளேயே இருக்கிறது. அம்மா கணக்குப் பார்க்கத் தெரியாதவர் என்பதால் அவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

தொங்கல் காம்பரா | செவ்வாய், இரவு 9.55

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன்.

அச்சடித்த விலைக்கு மேல் நான் விற்பதில்லை, பயம்தான் காரணம். ஆனால் சீனி, மா, பருப்பு போன்ற சில்லறைச் சாமானில் டவுன் விலையைவிட ஐந்தோ பத்தோ கூட எடுக்கிறேன். ஏன் என்று கேளுங்கள். காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய், ஐம்பது கிலோ மூட்டையை நான் திரும்பி பஸ்ஸில் தூக்கி வர முடியாது, ஓட்டோதான். பாதை இருக்கிற இலட்சணத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள், வருகிறவர் கேட்டதுதான் கூலி. வந்து மூட்டையைப் பிரித்துக் கால் கிலோ, நூறு கிராம் என்று நிறுத்துக் கொடுத்தால் ஐம்பது கிலோ ஒரு நாளும் ஐம்பது கிலோவாக நின்றதில்லை. கரண்டியில் ஒட்டுவது, தராசில் சிந்துவது, மார்கழிப் பனியில் சீனி கசிந்து சாக்கில் ஊறுவது, எலி. நூறு கிராம் சீனியை டவுன் கடைக்காரர் நிறுக்கவே மாட்டார். நான் நிறுக்கிறேன், ஐம்பது கிராம்கூட நிறுத்திருக்கிறேன்.

உங்கள் அம்மா டவுனுக்குப் போய் மலிவாக வாங்கலாம். பஸ் காசும் ஒரு பேரும் போகும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ஆகி, 2024இல் 1,350 ஆன பிறகு ஒரு நாள் மலைக்குப் போகாமல் இருந்தால் நட்டமும் அதற்கு ஏற்றபடி கூடியிருக்கிறது. பத்து ரூபாய் சீனிக்கு அந்த நாளைக் கொடுப்பாரா?

ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒன்று உறைத்தது. ரொக்கம் கொடுக்கிறவருக்கும் பற்று எழுதுகிறவருக்கும் நான் ஒரே விலைதான் போடுகிறேன். ரொக்கம் கொடுக்கிறவர் மற்றவரின் கடனுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். இதை நான் யோசித்ததில்லை.

கீழ்கணக்குப் பேரன் | செவ்வாய், இரவு 10.20

இவ்வளவு நேராகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அக்கா. எங்கள் லயத்துக் கடைக்காரர் ஆண். அவரிடம் கேட்டால் ‘வேண்டுமானால் வாங்கு’ என்பார்.

ஹாலிஎல மழை | புதன், மதியம் 1.15

நானும் கடை வைத்திருந்தவள். இப்போது இல்லை. நான் விழுந்த குழியில் இந்த அக்கா விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பற்று அதிகமாகி லொறிக்காரருக்குக் காசு கட்ட முடியாமல் போனபோது குழுக்கடன் எடுத்தேன். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வர் கட்ட வேண்டும். கிழமைக்குக் கிழமை தவணை. கவனியுங்கள்: எனக்குக் காசு மாதத்துக்கு ஒரு தடவை, 10ஆம் தேதிதான் வரும், நான் கட்ட வேண்டியதோ ஒவ்வொரு புதன்கிழமையும். அந்த இடைவெளியை மூட இரண்டாவது நிறுவனத்தில் எடுத்தேன். இரண்டாவதை மூட மூன்றாவது. தவணை எடுக்க வருகிற பையன் இருட்டும் வரை இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பான். மரியாதையாகத்தான் பேசுவான். லயத்தில் பத்து வீடும் பார்த்துக்கொண்டிருக்கும், அதுவே போதும்.

2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் சலுகை கொடுத்தது. வறட்சி மாவட்டங்களுக்குத்தான். நமக்குத்தான் மழைக்குப் பஞ்சமே இல்லையே. கடைசியில் தோட்டையும் சங்கிலியையும் அடகில் மூழ்கவிட்டுக் கட்டி முடித்தேன். தராசை மட்டும் விற்கவில்லை, கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

அக்கா, எந்தக் கடனை எடுத்தாலும் கிழமைத் தவணைக் கடனை எடுக்காதீர்கள். நம்முடைய காசு மாதக் காசு. வேண்டுமானால் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போடுங்கள், முதல் சீட்டை நீங்கள் எடுங்கள்.

புசல்லாவை வாத்தியார் | புதன், மாலை 6.00

வங்கிக்கு ஏன் போகவில்லை? கடையைப் பதிவு செய்தால் சிறு தொழில் கடன் கிடைக்குமே.

பழைய செக்ரோல் | புதன், மாலை 6.45

வாத்தியார் ஐயா, சொல்வது எளிது. வியாபாரப் பெயரைப் பதிய பிரதேச செயலகத்துக்குப் போனால் கடை இருக்கிற இடத்துக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். லயக் காம்பரா அந்த அம்மாவுடையது அல்ல. தோட்டத்துடையது. துரை ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ‘கடை நடத்த ஆட்சேபனை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் நாளை அதுவே உரிமைப் பேச்சாகிவிடும் என்று காரியாலயத்தில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குள்தான் நான் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். வாயால் ‘நடத்திக்கொள்’ என்பார்கள், எழுத்தில் ஒரு வரி தர மாட்டார்கள். பிரதேச சபைகளையே சட்டம் தோட்டத்துக்குள் வேலை செய்ய விடாமல் வைத்திருந்தது. 2018இல் திருத்திய பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. 7 பேர்ச் நிலத்தில் தனி வீடு கட்டிப் போனவர்களிலும் உறுதிப் பத்திரம் கைக்கு வரும்வரை காத்திருப்பவர்கள் எத்தனை பேர். பத்திரமில்லாமல் வங்கியில் எதை ஈடு வைப்பது, பற்றுக் கொப்பியையா?

மேல்கணக்கு மருமகள் | புதன், இரவு 9.10

நான் கடைக்காரி இல்லை, பற்று எழுதுகிறவள். இங்கே எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும்.

2022 நினைவிருக்கிறதா? அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் சம்பளம் 1,000 ரூபாயில் அப்படியே நின்றது. டவுனில் பால்மாவுக்கு வரிசை. எங்கள் லயத்துக் கடை அக்கா ஒரு பால்மாப் பக்கற்றை உடைத்து, மேசைக்கரண்டிக் கணக்கில் தாளில் மடித்துக் கைப்பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு மட்டும் கொடுத்தார். மடிப்பு கலையாமல் இருக்க நுனியை உள்ளே செருகி, மேலே வீட்டின் பெயரை எழுதியிருப்பார். என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. அந்தப் பொட்டலங்களில் எத்தனை பற்றில் ஏறின, எத்தனை ஏறவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் ‘போ, போ’ என்பார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து எங்கள் பாதை அடைபட்டபோதும் அப்படித்தான். லொறி வரவில்லை, டவுனுக்குப் போக வழியில்லை. கடையில் இருந்ததைக் கணக்குப் பார்த்து வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார். காசு வைத்திருந்த ஒருவர் அரை மூட்டை அரிசியை மொத்தமாகக் கேட்டார். கொடுக்கவில்லை. வெள்ளவத்தைத் தம்பி சொல்கிற வியாபாரக் கணக்குப்படி அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக்கூடாது. கடைக்கார அக்காவுக்கு எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் தெரியும். எந்த வீட்டில் 15ஆம் தேதியே மா தீர்ந்தது, யார் வீட்டில் சீனி குறைந்து கருப்பட்டி வாங்குகிறார்கள், யார் கணவன் இரவில் பின்கதவைத் தட்டுகிறான். கடன் பாக்கி இருக்கிற மாதத்தில் பீலிக்கரையில் அவரைப் பார்த்தால் தண்ணீர் பிடிக்காமல் திரும்பிவிடுவேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பதுதான் தாங்க முடியாது.

வெள்ளவத்தைவாசி | வியாழன், காலை 7.30

பால்மா விஷயம் எனக்குத் தெரியாது. பலகை பற்றி நான் சொன்னதை அவசரத்தில் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லை வேண்டும் என்பதில் மாறவில்லை. பசறை அக்கா சொல்வதும் அதுதானே.

பசறை அக்கா | வியாழன், காலை 7.45

எல்லை வேறு, பலகை வேறு தம்பி. எல்லை எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது. பலகையை ஊரே படிக்கும்.

தொங்கல் காம்பரா | பதினெட்டு நாளுக்குப் பிறகு, இரவு 8.30

எல்லாரும் மன்னிக்க வேண்டும், சம்பளம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

10ஆம் தேதி மாலையிலிருந்து மறுநாள் இரவு வரை 48,900 ரூபாய் வந்தது. தோட்டத்தில் இருக்கிறவர்களின் பாக்கியில் 6,250 இன்னும் நிற்கிறது. அதில் இரண்டு வீட்டில் காய்ச்சலில் படுத்து வேலைக்குப் போகவில்லை, அதைக் கேட்க மாட்டேன். லொறிக்காரருக்கு முழுவதும் கட்டிவிட்டேன். போய்விட்ட மூன்று குடும்பங்களில் வத்தளைக்காரி மட்டும் கோவில் பூசாரி மகனிடம் 3,000 கொடுத்தனுப்பியிருக்கிறாள். ‘அக்காவிடம் கொடு, முகத்தைப் பார்க்க முடியவில்லை’ என்றாளாம். கொழும்புக்குப் போனவர்களின் எண் வேலை செய்யவில்லை.

இரண்டு கொப்பி முறையைத் தொடங்கிவிட்டேன். மகள் இருபத்திரண்டு சின்னக் கொப்பிக்கு உறை போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு எல்லையும் அவள்தான் போட்டாள், நான் நான்கு வீட்டுக்கு மட்டும் ஏற்றினேன், அதற்கு ஒரு சண்டை. ரொக்கம் கொடுக்கிறவர்களுக்குச் சீனியிலும் மாவிலும் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்திருக்கிறேன், கீழ்கணக்குத் தம்பியின் உபயம். முதல் கிழமையில் ரொக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. மாதக் கடைசியில் தெரியும். சீட்டுக்கு எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், இன்னும் இருவர் வேண்டும்.

அட்டையை மாட்டவில்லை. மழைக்கு மா மூட்டைக்கு அடியில் போட்டிருக்கிறேன், ஈரம் ஏறாமல் இருக்கிறது.

பசறை அக்கா | இரவு 8.50

பீடி, சிகரட் பற்று?

தொங்கல் காம்பரா | இரவு 9.05

நிறுத்தியாயிற்று அக்கா. இருவர் பேசுவதில்லை. சோடாதான் இன்னும் இழுபறி. என் கணவர் தீபாவளிக்கு வந்து நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்ததே 1,900 ரூபாய் பாக்கி நிற்கிறது. அவர் பெயரிலும் ஒரு சின்னக் கொப்பி போட்டு வைத்திருக்கிறேன்.

பசறை அக்கா | இரவு 9.07

உறை போட்டதா?

தொங்கல் காம்பரா | இரவு 9.10

போட்டது. மகள் போட்டது.